வாடகைக்கு வீடு கட்டுமுன் போட வேண்டிய கணக்கு

நமது பகுதிகளில் ஒரு குடும்பத்தின் கையில் சிறிது பணம் சேர்ந்துவிட்டதென்றால், அப்பணம் எங்கே போய்ச் சேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதலில் நகை; அதற்கடுத்தபடி மனை. மனை வாங்கிய பின், சும்மா கிடக்கும் இடத்தில் இரண்டு வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டால் மாதந்தோறும் வருமானம் வருமே என்ற எண்ணம் தானாகவே பிறக்கிறது. மஞ்சளும் வாழையும் நல்ல விலைக்குப் போன ஆண்டுகளில் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். தறிக்குழியில் கால் வைத்து முதுகு வளைந்தவர்க்கும், மழையையும் சந்தையையும் நம்பி வாழ்கின்றவர்க்கும், உழைக்க இயலாத வயதில் தவறாமல் வரும் ஒரு தொகை எத்துணை ஆறுதல் அளிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்விருப்பத்தைக் குறை கூறுவது நமது நோக்கமன்று.

எனினும், இவ்விருப்பத்தின் பேரில் விளையும் நிலத்தை விற்று, நகரத்தின் ஓரத்தில் மனை வாங்கி, போதாத பணத்துக்குக் கடனும் பெற்று வீடு கட்டியவர்கள் உண்டு. சில ஆண்டுகள் சென்றபின் அவர்களுள் சிலருக்கு நிலமும் இல்லை. வரும் வாடகையோ கடன் தவணைக்கே காணவில்லை. இவர்கள் சோம்பேறிகளும் அல்லர், ஊதாரிகளும் அல்லர். மாதம் எவ்வளவு வாடகை வரும் என்று நன்றாக விசாரித்தார்கள். ஆண்டு முடிவில் அதில் கையில் எவ்வளவு நிற்கும் என்று மட்டும் விசாரிக்காமல் விட்டார்கள். இத்துறையில் புதிதாகக் கால் வைப்போர் முதன்முதலாகக் கற்க வேண்டியது இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையே. ஆதலின் பத்திரம், சட்டம் ஆகியவற்றுக்குப் போகுமுன் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

வருவதும் நிற்பதும்

ஒரு நடுத்தர ஊரின் எல்லையில் 3 சென்ட் மனை. அதாவது ஏறத்தாழ 1,307 சதுர அடி. அதன் விலை ரூ. 12,00,000 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவையே. தத்தம் ஊர் விலையை அவரவர் இட்டுப் பார்த்துக்கொள்க. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட பின்னர் 2 சதவிகிதம். ஆக ரூ. 1,08,000. இரு குடித்தனங்களுக்கான 1,000 சதுர அடிக் கட்டடம், சதுர அடிக்கு ரூ. 2,000 வீதம் ரூ. 20,00,000. ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்புகள், கழிவுத்தொட்டி, சுற்றுச்சுவர், வரைபட அனுமதி ஆகியவற்றுக்கு ரூ. 1,92,000. மொத்த மூலதனம் ரூ. 35,00,000.

ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மாத வாடகை ரூ. 6,500. இரண்டுக்குமாக ரூ. 13,000, ஆண்டுக்கு ரூ. 1,56,000. மூலதனத்தில் இது நாலரைச் சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. திண்ணையில் அமர்ந்து பேசுவோர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகின்றனர்.

இனிக் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். ஒரு குடித்தனம் காலி செய்து, வெள்ளையடித்து, மறு குடித்தனம் வருவதற்குள் சில வாரங்கள் போய்விடும். ஆண்டுக்கு ஒரு மாத வாடகை இவ்வகையில் வராது என்று கொள்வதே முறை, ரூ. 13,000 போயிற்று. வீட்டுவரி, குடிநீர் வரி முதலியன ரூ. 6,000. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்துவரி பொதுவாக உயர்த்தப்பட்டதை மறவாமல், நகரத்தில் இருப்போர் இத்தொகையைச் சற்றுக் கூட்டியே இட்டுக்கொள்ள வேண்டும். பழுதுபார்ப்புக்குக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று, அதாவது ரூ. 20,000. எல்லா ஆண்டும் இவ்வளவு செலவாகாது என்பது உண்மை. ஆனால் மோட்டார் எரிந்துபோகும் ஆண்டும், மேல்தளம் ஒழுகத் தொடங்கும் ஆண்டும் வந்தே தீரும். அன்று செலவிட வேண்டியதை இன்று ஒதுக்கி வைக்கிறோம். பொது விளக்கு, கழிவுத்தொட்டி இறைத்தல் ஆகியவற்றுக்கு ரூ. 5,000. காப்பீடு ரூ. 2,000. இவை யாவும் போகக் கையில் நிற்பது ரூ. 1,10,000.

முப்பத்தைந்து லட்சத்துக்கு ஓராண்டில் ரூ. 1,10,000 என்றால், நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். இதைக் கண்டு திகைக்க வேண்டாம். இந்தியாவின் பெருநகரங்களிலும் குடியிருப்பு வீடுகளின் வாடகை, சொத்தின் விலையில் 2 முதல் 4 சதவிகிதம் என்ற அளவிலேயே பொதுவாக இருந்து வருகிறது. மனையின் விலை ஏறுமே என்பார்கள். ஏறலாம். அந்த ஏற்றம் விற்கும் நாளில்தான் கைக்கு வரும். அதுவரை அரிசிக்கும் மருந்துக்கும் உதவாது. மேலும் ஏறுவது மண்ணின் விலையேயன்றிக் கட்டடத்தின் விலையன்று. கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வரும்.

கடன் வாங்கிக் கட்டினால்

மேற்சொன்ன முப்பத்தைந்து லட்சத்தில் ரூ. 20,00,000 கடன் என்று வைப்போம். வட்டி 9 சதவிகிதம், தவணைக் காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 18,000, ஆண்டுக்கு ரூ. 2,16,000. கையில் நிற்கும் வாடகை ரூ. 1,10,000. எஞ்சிய ரூ. 1,06,000, அதாவது மாதம் ரூ. 8,800க்கு மேல், தறியிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வர வேண்டும். முதலாண்டில் வட்டி மட்டுமே ஏறத்தாழ ரூ. 1,78,000 ஆகிறது. வாடகை முழுவதையும் கட்டினாலும் வட்டிகூட அடையாது.

"வாடகையே கடனை அடைத்துவிடும்" என்று மனைத் தரகர்கள் சொல்வது எவ்வளவு பொருத்தம் என்பதை இதிலிருந்தே வாசகர்கள் அறிந்துகொள்ளலாம். தவணைக்கும் வாடகைக்கும் இடையே உள்ள பள்ளத்தை இருபது ஆண்டுகளுக்கு நிரப்ப வல்ல வேறு வருமானம் உடையவர், அதைத் தெரிந்தே செய்வாராயின், அது ஒருவகைக் கட்டாயச் சேமிப்பாகும். பருவம் தவறினால் வருமானமும் தவறும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. விளைச்சல் பொய்த்த ஓர் ஆண்டில் தவணை நிற்கும்; வங்கியின் அறிவிப்பு வரும்.

கணக்கு மாறும் இடம் ஒன்று உண்டு. மனை முன்னமே சொந்தமாக இருப்பின், புதிதாக இட வேண்டிய பணம் ரூ. 21,92,000 மட்டுமே, அதற்கு ரூ. 1,10,000 என்பது 5 சதவிகிதம். குடியிருக்கும் வீட்டின் மேலேயே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடுவது இன்னும் மேலானது. ரூ. 11,00,000 செலவில் படிக்கட்டுடன் ஒரு குடித்தனம் அமைந்தால், பதினொரு மாத வாடகை ரூ. 71,500, செலவு ரூ. 12,000 போக நிற்பது ரூ. 59,500. ஐந்தரைச் சதவிகிதத்தை நெருங்குகிறது. சொந்தக்காரர் கீழேயே இருப்பதால் சிறு பழுதுகளும் உடனுக்குடன் கண்ணில் படும். புதிதாகத் தொடங்குவோர்க்கு நாம் துணிந்து சொல்லக்கூடிய வழி இதுவே. ஆனால் பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்பதைக் கொத்தனாரின் வாய்ச்சொல்லில் விடாமல், கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். சுற்றுச்சுவர்க்கல் அளவுக்கு அஸ்திவாரம் போட்டு அதன்மேல் இரண்டு மாடி ஏற்றிய வீடுகள் எல்லா ஊரிலும் உள்ளன.

யாருக்காகக் கட்டுகிறோம்?

வாடகை வீடு என்பது குடித்தனக்காரரின் தேவைக்காகக் கட்டப்படுவது. வாசலில் தூணும் வளைவும் வைத்து அழகு செய்வதற்கு ஆகும் பணத்தால் வாடகை ஒரு ரூபாயும் கூடாது. தண்ணீர் தவறாமல் வருதல், கழிப்பறை தனியாக இருத்தல், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மின்மானி, பேருந்து நிலையமும் பள்ளியும் நடந்து போகும் தூரம் ஆகியவையே குடித்தனத்தைக் கொண்டுவருகின்றன. வந்தவரை நிலைத்திருக்கவும் செய்கின்றன. ஐந்தாண்டு நிலைத்திருக்கும் குடித்தனக்காரருக்கு வாடகையில் ஐந்நூறு குறைத்தாலும், ஆண்டுதோறும் ஆள் மாறும் வீட்டைவிட ஆதாயம் குறைவதில்லை. ஐந்நூறு வீதம் ஓராண்டுக்கு ஆறாயிரம். ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் போவது ஆறாயிரத்து ஐந்நூறு, வெள்ளையடிக்கும் செலவு வேறு.

நெசவு ஊர்களில் கட்டுவோர்க்கு ஒரு வார்த்தை. குழித்தறி போடும் குடும்பம் வீடு தேடும்போது அறையின் நீளத்தையும், தரை தெருவினின்று எவ்வளவு உயரம் என்பதையும் முதலில் பார்க்கும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றுபோவது காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் பழைய துன்பம். இரண்டு அடி உயர்த்திக் கட்டிய, வெளிச்சம் படும் நீண்ட கூடமுள்ள வீட்டை நெசவுக் குடும்பம் எளிதில் விட்டுப் போகாது.

திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் 'லைன் வீடு' என்று வழங்குவது வேறு வகை. ஒரு வரிசையாக ஓரறை, ஈரறை வீடுகள். பெரும்பாலும் பொதுக் குழாயும் பொதுக் குளியலறையும் இருக்கும். பின்னலாடைத் தொழிலாளர் இவற்றில் குடியிருக்கின்றனர். ஒவ்வொரு வீட்டின் வாடகையும் குறைவெனினும், அதே மனையில் மொத்த வாடகை மிகுதியாகும். ஆனால் வரிசை முழுவதும் ஒரே தொழிலை நம்பி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலைகள் மூடப்பட்டபோது, வெளி மாநிலத் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். ஒரே தொழிலுள்ள ஊரில் கட்டுவோர் காலி மாதத்தை ஆண்டுக்கு இரண்டாகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

மனையின் மேல் யாருக்கு உரிமை?

மனை வாங்குவோர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலோர்க்குத் தெரிந்ததே. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரங்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளவும் வசதி வந்துவிட்டது. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதற்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. வரன்முறை செய்யப்படாத மனைக்குக் கட்டட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

இவற்றைக் காட்டிலும் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. நமது பகுதிகளில் மிகுதியாக வாடகை வீடுகள் எழுவது புதிதாக வாங்கிய மனையிலன்று. தகப்பனார் விட்டுச் சென்ற, பாகம் பிரியாத இடத்திலேயாகும். பட்டா கூட்டுப் பட்டாவாக இருக்கும். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாக, "கிழக்குப் பக்கம் நீ கட்டிக்கொள்" என்று சொல்லியிருப்பார்கள். தம்பி தன் வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டுக் கட்டிவிடுவார். சகோதரிகளை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வில்லங்கச் சான்றில் இவை ஒன்றும் தென்படா. ஏனெனில் அதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும்.

சட்டமோ தெளிவாக இருக்கிறது. இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத பெண்மக்களுக்கு 1989இலேயே தமிழ்நாடு சம உரிமை வழங்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம், மணமானவர் மணமாகாதவர் என்ற பேதமின்றிப் பெண்மக்கள் யாவருக்கும் அவ்வுரிமையை அளித்தது. தந்தை அந்நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பினாலேயே அவ்வுரிமை வருகிறது என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் அஸ்திவாரம் தோண்டுமுன் உடன்பிறந்தோர் அனைவரும், சகோதரிகள் உட்பட, ஒப்பமிட்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, பட்டாவையும் தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்வோர் உண்டு. வீடு எழுந்து வாடகையும் வரத் தொடங்கியபின் கேட்பது அதனினும் கடினம்; அப்போது பிரிக்க வேண்டியது மண்ணை மட்டுமன்று.

ஒத்திக்கு விடுவது

கட்டிக்கொண்டிருக்கும்போது பணம் குறைந்தால், வீட்டை ஒத்திக்கு விட்டுப் பணம் பெறும் வழக்கம் பல மாவட்டங்களில் உண்டு. சில இடங்களில் இதைப் போக்கியம் என்பர். குடியேறுவோர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பார். காலி செய்யும் நாளில் அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவார். வட்டியில்லாப் பணம் என்று சொந்தக்காரர் மகிழ்கிறார். வட்டி உண்டு, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் ரூ. 6,500 வாடகை பெறும் வீட்டை ரூ. 5,00,000க்கு ஒத்தி விட்டால், ஆண்டுக்கு ரூ. 78,000 வாடகையை இழக்கிறோம். அதாவது நூற்றுக்குப் பதினைந்தரைக்கு மேல் வட்டி கொடுக்கிறோம். வங்கியில் 9 சதவிகிதத்துக்குக் கிடைக்கும் கடனை வேண்டாமென்று விட்டு இதை நாடுவது நஷ்டமே. தவிர, வாங்கிய ஐந்து லட்சம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறிவிட்டது. மூன்றாண்டு கழித்து அதை எங்கிருந்து திருப்பித் தருவது? அடுத்த ஒத்திக்காரரைத் தேட வேண்டியதுதான். அவர் கிடைக்கும் வரை பழைய குடித்தனக்காரர் வாடகையின்றி இருந்துகொண்டே இருப்பார். ஒத்திக்கு வருவோர்க்கும் ஆபத்து உண்டு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சுவாதீன அடமானம் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேர் கையொப்பமிட்டால் போதாது.

எழுத்தும் முன்பணமும்

தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழக்கிலிருந்த 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறங்களில் வாடகைக்கு விடுவோர் அறிய வேண்டிய செய்தி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அலுவலரிடம் பதிவு செய்யவும் வேண்டும் என்பது. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு உயரும், எத்தனை காலம் என்பன யாவும் அவ்வொப்பந்தப்படியே நடைபெறும். பதினொரு மாதத்துக்குத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டால் போதும் என்ற பழைய எண்ணத்தைக் கைவிட வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதமாகியும் கொடுக்கப்படாவிடில், வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். பாக்கிக்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வீட்டினுள் சென்று பார்க்க வேண்டுமானாலும் முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வெள்ளையடித்தல், குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் சொந்தக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடித்தனக்காரர் பொறுப்பு என்று அட்டவணையே இருக்கிறது. குடிவரும் நாளில் அதைப் படித்துக் காட்டிவிட்டால் பிற்பாடு பாதிச் சச்சரவு எழாது.

வருமான வரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். விவசாய வருமானத்துக்கு உள்ள விலக்கு வாடகைக்குக் கிடையாது. சொந்தக்காரர் செலுத்திய வீட்டுவரியைக் கழித்தபின், எஞ்சியதில் 30 சதவிகிதத்தை, உண்மையில் என்ன செலவானாலும், பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். வீட்டுக் கடனின் வட்டியைக் கழிப்பதற்கும் இடமுண்டு. வாடகையை வங்கிக் கணக்கின் வழியே பெற்றால் இக்கணக்குகள் எளிதாகும்.

இறுதியாக முன்பணம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, மூன்று மாத வாடகைக்கு மேற்பட்டு முன்பணம் பெறுவது சட்டத்துக்குப் பொருந்தாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதேனும் இருப்பின் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். நமது எடுத்துக்காட்டில் இரு குடித்தனங்களுக்கும் சேர்த்து இத்தொகை ரூ. 39,000. இதைக் கட்டட வேலையிலோ சாகுபடியிலோ செலவிடாமல், தனியாக ஒரு வைப்புக் கணக்கில் போட்டு வைத்தல் வேண்டும். அறுவடைக்கு முந்திய மாதத்தில் குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்டால், அன்றே எடுத்துக் கொடுக்க முடியவேண்டும்.